ஐப்பசியில் வாருங்கள்

வடகவுஞ்சியில் எங்களிடம் வழி கேட்போர் இரு வகையினர். முதல் வகையினர் "கொடைக்கானல் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேளாமலே வண்டியைக் கிளப்பிவிடுவர். இரண்டாம் வகையினர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, இடுப்பில் கைவைத்துப் பள்ளத்தாக்கைச் சற்றுநேரம் பார்த்துப் பெருமூச்சு விட்டபின், "இங்கெல்லாம் சென்ட் என்ன விலை போகுதுங்க?" என்பர். முன்பெல்லாம் முதல் வகையே மிகுதி. கொரோனா ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் வகை பெருகிவிட்டது. நகரத்தில் அடைபட்டுக் கிடந்த காலத்தில் எல்லோர் மனத்திலும் ஒரு மலை முளைத்துவிட்டது போலும்.

அந்த இரண்டாம் வகையினரை முன்னிட்டே இதை எழுதுகிறோம். இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குவோருக்கு எங்கள் யோசனை எதுவும் தேவைப்படாது. ஏரி 1863-இல் வெட்டப்பட்டது. கோக்கர்ஸ் வாக்கில் மேகம் காலடியில் போகும். தூண்பாறை வெயிலில் ஒரு விதமாகவும் மூடுபனியில் இல்லாமலும் இருக்கும். 1991-இல் வந்த ஒரு திரைப்படத்தால் பெயர் மாறிப்போன குகை, 2024-இல் வந்த ஒரு மலையாளப் படத்தால் மறுபடியும் புகழ்பெற்றிருக்கிறது. குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. இவ்வளவையும் எந்தக் கையேடும் சொல்லிவிடும். குடிவர எண்ணுகிறவர் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. அவற்றுக்குக் கையேடு கிடையாது.

ஊர் எங்கேயிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை ஏறக்குறைய 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் வளையத் தொடங்கும் அச்சாலை, பெருமாள்மலையில் வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையோடு கலக்கிறது. அந்தச் சந்திப்புக்குக் கீழே பழனிப் பக்கமாக நாங்கள் இருக்கிறோம். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். நாங்கள் அதற்குத் தாழ்வு என்பதால் குளிர் எங்களிடம் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்ளும். காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ், பட்டர் பீன்ஸ், வெண்ணெய்ப்பழம் என்று காடு கலந்து கிடக்கும். (இங்கே தோட்டத்தையும் காடு என்றுதான் சொல்வோம். வனத்துறையின் காடு வேறு, எங்கள் காடு வேறு. யானைக்கு மட்டும் இரண்டும் ஒன்று.) மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் கவுஞ்சி என்று ஓர் ஊர் உண்டு. வடகவுஞ்சி என்று சொன்னால் அங்கே போய் நின்றுகொண்டு, "மாமா, உங்க வீடு எங்கே?" என்று தொலைபேசியில் அழைத்த உறவினர் உண்டு. நேரில் வர எண்ணுவோர் இதை நினைவில் கொள்க.

சென்ற மாசியில் கல்லூரி நாள் நண்பர் ஒருவரின் மகன் மனைவியோடும் பள்ளி செல்லும் பெண்ணோடும் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கினார். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சற்று உள்ளே வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். வீட்டுச் சாமானை ஒருமுறை இழந்தவர் புலம்புவார். இருமுறை இழந்தவர் கணக்குப் போடுவார். அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "கடலே வேண்டாம் மாமா. தண்ணி ஏற முடியாத இடமாப் பாத்துப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமாம். பெண்ணின் பள்ளி ஒன்றுதான் கேள்வி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் பார்க்க வந்த நிலம் எங்களுடையது. சாலைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். நாங்கள் கீழ்க்காடு என்று அழைப்பது. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில். எங்கள் முழங்கால்கள் சரிவில் இறங்க ஒப்புக்கொள்கின்றன, ஏறத்தான் மறுக்கின்றன. விற்றுவிட்டுக் கீழே வந்துவிடுங்கள் என்று பிள்ளைகள் ஆறேழு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். வாங்க வந்தவரோ சொந்தப் பிள்ளை போன்றவர். அவரிடம் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது? மாசி மாதத்தில் எங்கள் ஊர் மிக அழகாக இருக்கும். வானம் கழுவி வைத்தது போலிருக்கும். இரவில் பழனியின் விளக்குகள் கீழே சிதறிக் கிடக்கும். ஒன்றுமே சொல்லாமல் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாலே போதும், முன்பணம் கைக்கு வந்துவிடும். முதல்நாள் மாலை அதைத்தான் செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அன்றிரவு எங்களுக்கு வேதாரண்யத்து அக்காவின் நினைவு வந்தது.

எங்கள் அக்கா பள்ளி ஆசிரியையாக வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஓய்வும் பெற்றவர். மலையில் பிறந்து கடற்கரைக்குப் போனவர் என்பதால், கடலோரம் வீடு வாங்க எண்ணும் தெரிந்தவர்களெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். அக்காவின் ஊர்காட்டல் விசித்திரமானது. கோடியக்கரையின் பூநாரைகளையும் வெளிமான்களையும் அவர் காட்டவே மாட்டார். "அதெல்லாம் நீங்களே போய்ப் பாத்துக்கலாம்" என்பார். முதலில் வாங்கப்போகும் மனைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு கிணற்றுநீர் வாங்கிக் குடிக்கச் சொல்வார். சித்திரையில் ஒருமுறை, தையில் ஒருமுறை. உப்பு எப்போது ஏறுகிறது என்பதை நாக்குதான் சொல்லும், பத்திரம் சொல்லாது என்பது அவர் வாதம். அடுத்தது ஜன்னல் கம்பி: பத்து வருடம் பழைய வீடாகப் பார்த்து, கம்பியை விரலால் சுரண்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக, "ஐப்பசியில வாங்க. மூணு நாள் தங்குங்க. அப்பவும் பிடிச்சிருந்தா வாங்குங்க" என்பார். ராஜம் கிருஷ்ணனை அவர் விரும்பிப் படிப்பவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதிய அதே கைதான் நீலகிரியைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்' எழுதியது; இரண்டுக்கும் அந்த அம்மையார் நேரில் போய் அந்த மக்களோடு பழகினார் என்பதை அக்கா அடிக்கடி சொல்வார். நாவல் எழுதவே அவ்வளவு பாடு என்றால் குடியிருக்க எவ்வளவு பட வேண்டும் என்பது அவர் கேள்வி.

மறுநாள் காலையில் அக்காவின் முறைப்படியே தொடங்கினோம். விருந்தினர் தூண்பாறைக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தனர். "அது மாலையில் போகலாம் தம்பி, முதல்ல குழாயைப் பார்ப்போம்" என்றோம். அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது.

எங்கள் மலையில் சாலையோரம் கருப்புக் குழாய்கள் பாம்புபோல் நெளிந்து போவதைப் பயணிகள் எல்லோரும் பார்த்திருப்பர், கவனித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு வீட்டுக்கோ ஒரு தோட்டத்துக்கோ உரியது. மேலே எங்கோ ஓர் ஊற்றிலோ ஓடையிலோ தொடங்கி, பிறர் காடு, புறம்போக்கு, பாலம் எல்லாம் கடந்து வரும். எங்கள் குழாயின் வழியாகவே விருந்தினரை மேலே அழைத்துப் போனோம். முக்கால் மணிநேர ஏற்றம். எங்கெங்கே இணைப்பு, எங்கே காட்டுமாடு மிதித்து நசுக்கியது, எங்கே பங்காளிச் சண்டையில் ஒருமுறை அறுபட்டது, எந்தப் பாறைக்குமேல் போனால் வெயிலில் நீர் சூடாகும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தோம். (செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுவதை நாங்கள் காட்டுமாடு என்போம். எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஊற்றடியில் பன்னிரண்டு குழாய்கள் வாய்வைத்துக் கிடந்தன. "இதுல பதிமூணாவதா ஒரு குழாய் போட யாருகிட்ட கேக்கணும் மாமா?" என்றார். நல்ல கேள்வி. பன்னிரண்டு வீட்டாரிடமும் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லோரும் சரி என்பர். பங்குனி சித்திரையில் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். கீழ்க்காட்டுக்கு என்று இருக்கும் குழாய் நிலத்தோடு சேர்ந்து கைமாறுமா என்று அவர் கேட்டபோது, சற்றுத் தயங்கித்தான் "மாறும், ஆனா மனுசங்களும் சேர்ந்து மாறணும்" என்றோம்.

திரும்பும் வழியில் அவருடைய பெண் கேட்டாள், இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று. எங்கள் சரிவின் நீர் வடக்கே இறங்கும். பழனிக்கருகே சண்முகாநதியில் சேரும். சண்முகாநதி அமராவதியில், அமராவதி கரூருக்கு அப்பால் காவிரியில். காவிரி பூம்புகாரில் கடலுக்குப் போகிறது. "அப்போ கடைசியில நம்ம ஊர் கடலுக்குத்தான் வருதா?" என்றாள் சிறுமி. அவள் தந்தை சிரிக்கவில்லை.

அன்று மாலை தூண்பாறைக்குப் போகவில்லை, மேகம் இறங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கீழே பள்ளத்தில் மரம் முறியும் ஓசை கேட்டது. யானை. முதலில் பலாவைத் தேடி வரும், பிறகு வாழை. எல்லோரையும் எழுப்பினோம், விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணைக்குள்ளேயே நின்று கேட்கச் செய்தோம். ஒன்றும் தெரியாது, ஓசை மட்டுந்தான். பக்கத்துக் காட்டில் ஒருவர் தகரம் தட்டினார். இன்னொருவர் வெடி போட்டார். ஒரு மணிநேரம் கழித்து அமைதி. சென்னைப் பெண்மணி அதுவரை எங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அத்தை, இது எத்தனை நாளைக்கு ஒருதடவை?" என்றார். வாழை குலைதள்ளும் காலத்தில் கணக்கு வைக்க முடியாதம்மா என்றோம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதை நினைவுபடுத்திக் கொதிப்போர் எங்கள் ஊரில் உண்டு. யானைக்கு அறிவிப்பு எதற்கு, அது அதற்கு முன்பும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது என்போரும் உண்டு. வாழையை இழந்த மறுநாள் காலையில் நாங்கள் முதல் கட்சி, மற்ற நாட்களில் இரண்டாம் கட்சி.

மலைவாழையைப் பற்றி ஒரு சொல். இங்கே நிலம் வாங்குகிறவர் எல்லோரும் முதலில் வாழை வைப்பேன் என்பர். விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2019-இல் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிரும் அதுதான். ஆனால் 1970-களில் முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலைவாழையைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டுப் போனது. அசுவினியால் பரவும் நோய். கன்றில் ஒளிந்திருந்து, இலைகள் சிறுத்து நுனியில் கொத்தாக நின்ற பிறகுதான் முகம் காட்டும். அப்போது வேரோடு பிடுங்கி அழிப்பதைத் தவிர வழியில்லை. எங்கள் அப்பா ஒரே பருவத்தில் இருநூறு வாழையைத் தம் கையால் வெட்டி எரித்தார். அதன் பிறகு காப்பிக்கு மாறினோம். திசுவளர்ப்புக் கன்றுகள் வந்த பின்னர் வாழை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. ஆகவே, குடிவர எண்ணுவோர் தோட்டத்தில் காய்த்துத் தொங்குவதைப் பார்ப்பதோடு, பக்கத்துக் காட்டில் கைவிடப்பட்டுக் கிடப்பதையும் பார்க்க வேண்டும். ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டால் ஒரு முழுக் கதை வரும். அந்தக் கதைக்கு ஒரு டீ செலவு, அவ்வளவே.

இரண்டாம் நாள் கற்திட்டைகளைப் பார்க்கப் போனோம். இது எங்கள் பட்டியலில் உள்ள ஒரே 'சுற்றுலா' இடம். பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி என்று இம்மலையில் பல இடங்களில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. ஊரார் குள்ளர் குகை என்பர். ஆங்லேட் என்ற பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் அவற்றை அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. நான்கு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். பலவற்றில் மூடுகல் இல்லை. யார் வீட்டுக்குத் துணிதுவைக்கும் கல்லாகப் போயிற்றோ. பேத்துப்பாறைக்குப் போகும் வழியில் தம்பி மெல்லக் கேட்டார்: "வெளியூர்க்காரங்களை இங்கே ஏத்துக்குவாங்களா?"

இக்கேள்வி எங்களுக்கு எப்போதும் நகைப்பையே தரும். பளியரையும் புலையரையும் தவிர இம்மலையில் வெளியூரார் அல்லாதவர் யார்? குன்னுவர் எனப்படும் மலை வேளாளர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து ஏறியவர்கள் என்பது அவர்கள் மரபே சொல்வது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். கீழே காய்ச்சலில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்துவிட்டு ஏறி வந்தவர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் இம்மலைக்கும் வந்தனர். கடலைக் கடந்து வந்து, மலையில் பிறர் நிலத்தில் மரம் வெட்டியும் காப்பி பறித்தும் தொடங்கியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது பெருமாள்மலையில் வண்டி ஓட்டுகின்றனர், கடை வைத்திருக்கின்றனர். ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களிடம் திரும்பிப்போக இடமிருக்கவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு அது இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். ஊர் தயங்குவது அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறோம். வீட்டைக் கட்டி, வேலியடித்து, இரண்டு வருடத்தில் சலித்துப்போய், அறை வாடகைக்கு விட்டுவிட்டு இறங்கியவர்கள் எங்கள் சாலையிலேயே நாலைந்து பேர். அவ்வீடுகளின் வேலியால் பழைய ஒற்றையடிப்பாதை இரண்டு மூடிப்போயின.

அலுவல் சங்கதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். மலையில் பட்டா என்றால் பட்டாதான் என்று எண்ணிவிடக் கூடாது: கூட்டுப்பட்டா உண்டு, விற்கக்கூடாத நிபந்தனைப் பட்டா உண்டு. கொடைக்கானல் வட்டத்து மலைக் கிராமங்களில் கட்டடம் எழுப்ப மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனியே உண்டு. ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று தரகர் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது; 2025 ஏப்ரலிலிருந்து வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. உறவினர் நினைத்தபோது வந்து இறங்க முடியாது என்பதைச் சிலர் குறையாகவும் சிலர் (மிகுந்த மகிழ்ச்சியோடு) நிறையாகவும் கருதுகின்றனர்.

மூன்றாம் நாள் காலை, பேச்சு எப்படியோ கஜாவுக்கு வந்தது. நாங்கள் தொடங்கவில்லை. கீழ்க்காட்டில் வேரோடு சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த தம்பி, இது எப்போது விழுந்தது என்று கேட்டார்.

2018 நவம்பர் 16. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கவிருந்த நாள். நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. இரவு முழுக்க நாங்கள் அக்காவுக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தோம். மணி அடிக்கவே இல்லை. விடிந்தபோது எங்கள் கவலையெல்லாம் அவரைப் பற்றியே. கடல் நமக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, நாம் மலையில் இருக்கிறோம், நமக்கென்ன என்ற எண்ணம். புயல் கடலோரத்துச் சங்கதி என்றுதான் பாடப்புத்தகமும் சொல்லியிருந்தது. திண்டுக்கல் பக்கமாக மேற்கே நகர்ந்த அந்தக் காற்று, அன்று பகலிலேயே எங்கள் மலைமேல் ஏறியது. மரங்கள் சாயும்போது எழும் சத்தத்தை முதன்முறையாகத் தொடர்ச்சியாகக் கேட்டோம். ஒன்று விழுந்து ஓய்வதற்குள் அடுத்தது. வாட்டிலும் தைலமரமும் சில்வர் ஓக்கும் வரிசையாகப் படுத்தன. சோலைமரங்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன என்பது எங்கள் கண்ணால் கண்டது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று, பழனிச் சாலை போயிற்று, வத்தலக்குண்டுச் சாலை போயிற்று. கொடைக்கானல் பக்கம் மண்சரிவில் உயிர்ச்சேதம் என்ற செய்தியே எங்களுக்குப் பல நாள் கழித்துத்தான் கிடைத்தது.

அப்போது எங்கள் அம்மா இருந்தார். எண்பத்தொரு வயது, நாள்தோறும் இன்சுலின். குப்பியில் இரண்டு நாளைக்கு மருந்து இருந்தது. சனிக்கிழமை பெருமாள்மலைக்குப் போய் வாங்குவதாக இருந்தோம். சனிக்கிழமையில் சாலை என்று ஒன்று இருக்கவில்லை. இரண்டாம் நாள் மாலையில் அளவைக் குறைத்துப் போட்டோம். மூன்றாம் நாள் காலை அம்மா எங்களை அடையாளம் தெரியாதவர் போல் பார்த்தார். கீழே பளியர் குடியிருப்பிலிருந்து இரண்டு இளைஞர்கள் அரிவாளோடு வந்தனர். வழியிலுள்ள மரங்களை வெட்டிக்கொண்டே போவோர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளப் புறப்பட்டவர்கள். வெற்றுக் குப்பியை அவர்கள் கையில் கொடுத்தோம், பெயர் படித்து வாங்க. இருட்டிய பிறகு, முட்டிவரை சேறும் அட்டைக்கடியும் ரத்தமுமாகத் திரும்பி வந்தனர். மருந்தை வாழைமட்டைக்குள் வைத்துச் சுற்றி, குளிர் போகாமல் கொண்டுவந்திருந்தனர். அப்படி வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா பிழைத்தார். அடுத்த பங்குனியில் தூக்கத்திலேயே போனார். அது வயதின் கணக்கு. அக்காவிடமிருந்து ஏழாம் நாள் குரல் வந்தது. வீட்டுக் கூரை போய்விட்டது, தென்னை முப்பத்திரண்டில் மூன்று மிச்சம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. "நீங்க மலையில நல்லா இருப்பீங்கன்னு தெரியும், அதான் பதறல" என்றார். நாங்கள் அப்போது அவரிடம் எதையும் சொல்லவில்லை.

இதையெல்லாம் மரத்தின்மேல் உட்கார்ந்தபடியே தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் எங்களுக்குள் ஒரு சங்கடம். நிலம் விற்க வந்த இடத்தில் இவ்வளவையுமா சொல்வார்கள்? பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வர். ஆனால் அந்த இரண்டு இளைஞர்கள் எந்தக் குடியிருப்பு, அங்கே போகும் பாதை கீழ்க்காட்டின் எந்த ஓரமாகப் போகிறது, அந்தப் பாதையை மட்டும் வேலிபோட்டு மூடிவிடக் கூடாது என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லாமல் இந்நிலத்தை எப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது? பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள். பாதையை எழுதமாட்டார்கள்.

இலக்கியம் படிப்போருக்கு ஒரு குறிப்பு. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று படித்துவிட்டு மலையேறுவோர், ஆண்டு முழுதும் இங்கே குடியிருந்து பார்த்தால் இலக்கணத்தைத் திருத்த நேரும். மலையில் வாழ்வோரின் உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தல். பேருந்து வரும்வரை இருத்தல், மின்சாரம் வரும்வரை இருத்தல், மேகம் விலகும்வரை, மிளகு காயும்வரை, திருப்பூரிலிருந்து பிள்ளைகள் வரும்வரை.

புறப்படும்போது தம்பி ஊற்றுநீர் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி எங்களிடம், வீட்டுக்கு மிக அருகில் எந்த நேரத்துக்கு எந்தப் பேருந்து என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அவர்தான் வாங்கும் எண்ணத்தோடு இருக்கிறார் என்று அப்போது தோன்றியது. சிறுமிக்கு ஒரு காப்பிக் கன்று கொடுத்தோம். சென்னையில் பிழைக்காது என்று சொல்லித்தான் கொடுத்தோம்.

விலை பற்றி இருதரப்பும் பேசவில்லை. "ஐப்பசியில வாங்க, மூணு நாள் தங்குங்க" என்றோம். சொன்ன பிறகுதான் அது அக்காவின் வாசகம் என்பது உறைத்தது. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கடற்கரை வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். அவர்களும் மாசி மாதம் போன்ற ஒரு நல்ல நாளில்தான் வந்தார்களாம். கீழறையில் நீர் நின்ற அடையாளத்தைச் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்ததை அவர்களுக்குக் காட்டிவிட்டாராம். "நீங்க பண்ணின வேலை மாமா" என்றார்.

காப்பிக்கன்று ஏழு இலை விட்டிருக்கிறதாம். ஐப்பசிக்கு இன்னும் நாளிருக்கிறது. மேல்நோக்கிப் போகும் எங்கள் குழாயில் மூன்றாம் இணைப்பு மறுபடி நசுங்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.